ஐம்பத்திரண்டு சாம்பல் ஒயர்கள்

படுக்கையறைக் கதவை மனைவி கழற்றிக் கூடத்தில் கிடத்திய பிறகுதான், அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்கு உறைத்தது. கதவு ஏழடி, அவனுடைய பழைய கார் பன்னிரண்டரை அடி. பற்றாததற்கு அலமாரிக் கதவையும் கழற்றி, பின்பக்கம் சட்டம் அடித்து இரண்டையும் ஒன்றாக்கினாள். அதன்மேல் சாக்குக்கட்டியால் வண்டியின் நீளத்தை அச்சு அசலாக வரைந்தாள். விளக்கு வரும் இடம், ஹார்ன் வரும் இடம், ஒயர் திரும்பும் மூலை என்று பார்த்துப் பார்த்து ஆணி அடித்தாள். ஐந்து வாரத்துக்குப் படுக்கையறைக்குப் போர்வைதான் கதவு என்று அறிவித்தாள். அவன் போர்வையைத் தேடி எடுத்துக் கொடுத்தான். "முடிஞ்சா நீயே பண்ணிக் காட்டேன்" என்று முந்தின நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன்தானே.

அவன் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். பகலெல்லாம் ஓட்டுவது போதாதென்று, கணவன் மனைவி இருவரையும்விட வயதில் மூத்த ஒரு காரை ஏதோ ஒரு கோழிக்கொட்டகையிலிருந்து மீட்டுக்கொண்டு வந்திருந்தான். வந்த அன்று பின்சீட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. அவளுடைய தம்பிக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் பட்டறை உண்டு. பட்டறையின் ஒரு மூலையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைத் தம்பியே பிரித்துச் சேர்த்தான். பெயிண்டர் நண்பர் ஒருவர், மாமூல் வேலை இல்லாத நாட்களில் வந்து, துருவைச் சுரண்டிக் கரும்பச்சை வண்ணம் அடித்தார். இப்படி மூன்று வருடம் ஓடியது. கடைசியில் ஒயரிங்குக்கு வந்தபோது கையில் இருந்ததெல்லாம் கரைந்திருந்தது.

பழைய ஒயர்களைப் பாதி எலி தின்றிருந்தது, மீதி காலம் தின்றிருந்தது. கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்து, உச்சுக் கொட்டி, யானை விலை குதிரை விலை சொன்னார். ரெடிமேடாக வரும் ஒயர்க்கட்டு அதற்கும் மேல். இதற்கிடையில் ஒரு ஓட்டல்காரர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டு, தன் ஓட்டல் வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தினால், வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். பழைய வண்டிச் சங்கத்தின் சோதனை ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான். அந்தச் சான்று இல்லாமல் வண்டியைப் பதிவுசெய்ய முடியாது. பதிவு இல்லாமல் சாலையில் சக்கரம் வைக்க முடியாது. இரண்டு வருடம் சோதனைக்கு நிறுத்தவே முடியவில்லை. இந்த வருடமும் தேறாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுவதாக அவன் ஓட்டல்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓடவேண்டிய வண்டி பூந்தொட்டியாவதா? அதை நினைத்தபோதுதான் அவள், நான் செய்கிறேன் என்றாள்.

சும்மா சொல்லவில்லை. லிஃப்டுக்கும் பம்புக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஒயரிங் செய்தவள் அவள். அங்கே அவளுக்குப் பெயரே 'நம்பர்'தான். ஒயரின் இரண்டு முனையிலும் எண் அச்சடித்த வெள்ளை வளையத்தைக் கோர்க்காமல் எதையும் எதிலும் மாட்டமாட்டாள். டிபன் டப்பாவுக்குக்கூட எண் போட்டிருந்தாள் என்று கேலி செய்வார்கள். எத்தனை பெட்டிகள், எத்தனை ஆயிரம் முனைகள். ஆனால் முடித்த பெட்டியோடு போகும் தாளில் ஒருநாளும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அது மேற்பார்வையாளர் வேலை. அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், டீ ஆறுவதற்குள் முப்பது தாளில் போட்டுவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

தொழிற்சாலையோடு போன பழைய சிநேகிதிகள், சுருள் தீர்ந்து மிஞ்சிய ஒயர்களை எடைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல செம்பு, ஒரு குறையும் சொல்ல முடியாது. என்ன, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கார் ஒயரிங் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வேண்டும், நிறத்தை வைத்துத்தான் எது எங்கே போகிறது என்று பிடிப்பார்கள். தம்பி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னக்கா இது, ஊர்ல உள்ள எலி வாலையெல்லாம் சேத்து வச்சிருக்கே" என்றான். தின்ற எலிகளிடமிருந்து வசூல் செய்ததாக வைத்துக்கொள் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

மருந்துக் கடையிலிருந்து வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து, ஆணிக்கு ஆணி ஒயரை இழுத்து வளைத்து, அளவாக வெட்டி, எண் வளையம் கோர்ப்பாள். தையல் கடைக்காரர் கழித்துப் போட்ட பருத்தி நாடாவை மெழுகில் முக்கி, கட்டைச் சுற்றி இறுக்கினாள். விளக்குக் குழிகளை எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தாள். செத்துப்போன இயந்திரம் ஒன்றிலிருந்து ஃபியூஸ் பெட்டி கிடைத்தது. பழைய ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சுத்தம் செய்து மூடினாள். வாங்கியது என்று பார்த்தால் பல்புகளும் ஒரு புதிய ஹார்ன் பொத்தானும்தான். எண்கள் ஒன்றில் தொடங்கி ஐம்பத்திரண்டில் முடிந்தன. எந்த எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். நோட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் தடுமாறிப் போனாள். இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு இணைப்பார்கள். இந்தக் கிழட்டு வண்டியிலோ ப்ளஸ் முனை உடம்போடு இணைந்திருந்தது. யாரோ தெரியாமல் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்காமல், பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் இடத்தில் நகத்தால் சுரண்டினாள். நாலு அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு. ப்ளஸ் முனையை உடம்போடு இணைக்கவும் என்று வண்டி செய்தவனே பொறித்து வைத்திருந்தான். அந்தக் காலத்தில் அப்படியும் செய்திருக்கிறார்கள். மாற்றி இணைத்து எஞ்சினைக் கிளப்பினால், மின்சாரம் உண்டாக்கும் டைனமோ ஒரு பக்கம் இழுக்கும், பேட்டரி மறுபக்கம் இழுக்கும். நடுவில் இருந்து இரண்டையும் இணைத்துப் பிரிக்கும் கட்டவுட் பெட்டி எரிந்துபோகும். அந்தப் பெட்டி எங்கே தேடினாலும் கிடைக்காது. பெரிய எழுத்தில் நோட்டில் குறித்துக்கொண்டு, ரொட்டி வேனின் பழைய பேட்டரியை இரவல் வாங்கி, தகட்டில் சொன்னபடியே இணைத்தாள்.

விளக்குகள் எரிந்தன. ஹார்ன் அலறியது. எஞ்சினும் கிளம்பியது. அவள் கணவன் பட்டறை வளாகத்துக்குள்ளேயே வண்டியை ஏழு சுற்றுச் சுற்றினான், இறங்கு என்று சொல்லும்வரை இறங்கவில்லை. அப்போது தம்பி உதிரிபாகம் வாங்க வெளியூர் போயிருந்தான். பெயிண்டர் இருந்தார். எல்லாம் முடிந்ததும் அவர், பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, அசிங்கமாகச் சுரண்டிக் கிடக்கிறதே என்று அந்த இடத்துக்கும் பளபளவென்று கரும்பச்சை அடித்துவிட்டார். தகடு மறுபடி மறைந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

சோதனை காலை பத்து மணிக்கு. அவள் மருந்துக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வெளுத்த சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கணவனோடு பட்டறைக்கு வந்தாள். தம்பி வாசலிலேயே நின்றான். அக்காவுக்காகப் புத்தம்புது பேட்டரி ஒன்றைத் தன் சொந்தச் செலவில் வாங்கிவந்து, விடிந்ததும் விடியாததுமாக அவனே மாட்டியும் விட்டானாம். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. சின்ன வயதில் அவள் பென்சிலை எல்லாம் கடித்து வைத்தவன், இப்போது சொல்லாமல் கொள்ளாமல் பேட்டரி வாங்கி வருகிறான்.

சங்கத்திலிருந்து வந்தவர் ஒற்றை நாடியானவர், சட்டைப் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று தூரத்துக்கு, ஒன்று குற்றம் கண்டுபிடிக்க என்று பெயிண்டர் காதோடு சொன்னார். அவர் எஞ்சினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர், அப்படியே வெகுநேரம் இருந்தார்.

"எல்லாம் ஒரே கலரா இருக்கே" என்றார் உள்ளேயிருந்தே. "நாளைக்கு வழியில ஒண்ணு போச்சுன்னா, எதுனு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் முன்னால் போய், ஏதாவது ஒரு ஒயரைப் பிடித்து அதன் எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். அவர் முப்பத்தொன்று என்றார்.

"இடது பக்கம் பின்னாடி, பிரேக் லைட்டு. உள்ள ரெண்டு ஒயர் இருக்கும், மேல இருக்கறது."

அவர் எழுந்து பின்னால் போய், சிவப்பு மூடியைக் கழற்றிப் பார்த்தார். முப்பத்தொன்று. திரும்பி வந்து ஏழு என்றார். ஹார்ன் பொத்தான் என்றாள். நாற்பத்தாறு என்றார், பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கு டாங்கிலிருந்து வருவது, சீட்டுக்கு அடியில் கையை விட்டால் தட்டுப்படும் என்றாள். நோட்டு அவள் கையிடுக்கில் மூடியபடியே இருந்தது. அந்த மனிதர் ஆறு எண் கேட்டார். ஆறும் சொன்ன இடத்தில் இருந்தன. பட்டறைப் பையன்கள் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள். தன் பெண்டாட்டிதான் என்று கணவன் பெயிண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், பெயிண்டருக்கு ஏதோ அது தெரியாதது போல. அவளுக்குப் பெருமையாக இருந்தது. அடக்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

"சரி, எஞ்சினைக் கிளப்பறதுக்கு முன்னாடி ஹெட்லைட்டைப் போடுங்க" என்றார் அவர்.

கணவன் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து ஸ்விட்சைத் திருகினான். இரண்டு விளக்கும் ஒருசேர எரிந்தன. பட்டறைக்காரர்கள் எல்லோரும் வண்டியின் முன்பக்கம் விளக்கைப் பார்த்தார்கள். அவளோ பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்தாள்.

டாஷ்போர்டின் நடுவில் ஒரு முள் உண்டு. பேட்டரிக்குள் மின்சாரம் போனால் ப்ளஸ் பக்கம் சாயும், பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போனால் மைனஸ் பக்கம் சாயும். எஞ்சின் ஓடவில்லை, விளக்கு எரிகிறது. பேட்டரியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கவேண்டும். முள்ளோ ப்ளஸ் பக்கம் சாய்ந்து நின்றது. ஜன்னல் வழியே குனிந்து மறுபடி பார்த்தாள், அங்கேயேதான் நின்றது.

"அடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் சங்கத்துக்காரர். கணவனின் கை ஸ்டார்ட்டர் குமிழுக்குப் போனது.

"ஏங்க, கையை எடுங்க."

அவன் எடுத்துவிட்டான். இருபது வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவன் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறான்.

தம்பி ஓடிவந்தான். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, விளக்கு எரிகிறது, பயப்படாதே, கிளப்பச் சொல் என்று தாழ்ந்த குரலில் நச்சரித்தான். சங்கத்துக்காரர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். சோதனை தொடங்கிய பிறகு ரிப்பேர் செய்யக்கூடாது என்பது விதி, இப்போது நிறுத்தி எதையாவது சரிசெய்தால் ரிப்பேர் என்றுதான் தாளில் எழுதவேண்டியிருக்கும் என்றார். ரிப்பேர் என்று எழுதினால் சான்று கிடையாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓட்டல் வாசலும் பூந்தொட்டிகளும் அவள் கண்முன் வந்து நின்றன. கிளப்பினால் ஒருவேளை தேறிவிடலாம்; கட்டவுட் எரிவதற்கு இரண்டு நிமிடமாவது ஆகும், அதற்குள் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாலும் போய்விடுவார். போகட்டும், அதற்கப்புறம்?

"எழுதிக்கோங்க சார்" என்றாள். "ஆனா இப்படியே கிளப்ப விடமாட்டேன். என் ஒயரு எரியறத நானே பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

பின்சீட்டைத் தூக்கினாள். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பேட்டரியின் ப்ளஸ் முனை எப்போதும் கொஞ்சம் தடிமன், மைனஸ் ஒல்லி. தடித்த முனையில், ஒல்லிக்கென்று செய்த கிளாம்ப்பை யாரோ நெம்பி விரித்து மாட்டியிருந்தார்கள். ஒல்லி முனையில் பெரிய கிளாம்ப் ஆடாமல் இருக்க, ஒரு தகரத் துண்டை மடித்துச் சொருகியிருந்தார்கள். அவ்வளவு கச்சிதமாகத் தகரம் மடிக்கிற கை அந்தப் பட்டறையில் ஒன்றுதான் உண்டு. அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கிட்டே வந்தான்.

"ப்ளஸ் கிளாம்ப்பைப் போயி பாடில குடுத்திருந்தியாக்கா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேனு நெனச்சேன்" என்றான். "எல்லார் முன்னாடியும் கேட்டா உனக்கு அசிங்கமாயிடும்னு, சொல்லாம நானே சரி பண்ணிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே பாதி இறங்கியும் விட்டது. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, வண்டியையே கொளுத்தப் பார்த்திருக்கிறான். என்ன சொல்லித் திட்டுவது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெயிண்டர் ஐயோ என்று முனகியதையும் பொருட்படுத்தாமல், புதிய கரும்பச்சையைக் கரகரவென்று சுரண்டினாள். பித்தளை மின்னியது. சங்கத்துக்காரர் குனிந்து படித்தார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தம்பியும் படித்தான். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நோட்டுல நாலாம் பக்கம் எழுதியிருக்கேன்டா. தொறந்து பாத்தாத்தானே" என்றாள். அவ்வளவுதான் திட்டியது.

சங்கத்துக்காரர் தாளைத் திருப்பி, பின்பக்கம் இருந்த விதிகளைப் படித்தார். பிறகு, விதியில் ரிப்பேர் என்றால் ஒயரைத் தொடுவது, பேட்டரியைக் கழற்றி மாட்டுவது அதில் சேராது என்று சொன்னார். ஒரு ஒயரைக்கூடத் தொடாமல் இது சரியாகிவிட்டால், அதை ரிப்பேர் என்று எழுதத் தன்னால் முடியாது. தொட்டால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றார்.

"தொடவே வேண்டியதில்ல சார். அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

இரண்டு கிளாம்ப்பையும் கழற்றினாள். பேட்டரியை அரைச்சுற்றுத் திருப்பி உட்காரவைத்தாள். பெரிய கிளாம்ப் தடித்த முனையில் சுகமாகப் போய் உட்கார்ந்தது. நெம்பி விரித்த கிளாம்ப் ஒல்லி முனையில் லொடலொடத்தது. அதற்குத் தம்பியின் தகரத் துண்டையே சொருகி இறுக்கினாள். சீட்டைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். வெளுத்த சேலையில் மசி அப்பியிருந்தது. கணவன் மறுபடி ஹெட்லைட்டைப் போட்டான். இந்த முறை எல்லோருமே முள்ளைத்தான் பார்த்தார்கள். அது ஒழுங்கு மரியாதையாக மைனஸ் பக்கம் சாய்ந்தது.

"இப்போ கிளப்புங்க" என்றாள்.

எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. கணவன் லேசாக மிதித்தான். முள் மெல்ல எழுந்து, நடுவைத் தாண்டி, ப்ளஸ் பக்கம் போய் நின்றது. வைப்பர் ஆடியது, பிரேக் விளக்கு எரிந்தது, ஹார்னுக்கு வளாகத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. சங்கத்துக்காரர் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைக்கச் சொல்லி, டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்க்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. தானும் முள்ளைக் கவனித்ததாக அப்போதுதான் சொன்னார்.

"பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். எத்தனையோ பட்டறையில பாத்திருக்கேன்மா, முள்ளு என்ன சொன்னாலும் அமுக்கிடுவாங்க. நிறுத்தினது நீங்க ஒருத்தர்தான்."

தாளை வண்டியின் பானெட்டின் மேல் விரித்து வைத்தார். எஞ்சின் வேலை, பெயிண்ட் வேலை, மின் வேலை என்று மூன்று வரி. ஒவ்வொன்றின் எதிரிலும் செய்தவர் பெயரும் கையொப்பமும். தம்பி தன் பட்டறை முத்திரையைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான். எஞ்சினுக்கும் மின் வேலைக்கும் அதையே குத்திவிடுவதாகத்தான் ஏற்பாடு, அப்போதுதான் சங்கத்தில் எடுபடும் என்று அவனே சொல்லியிருந்தான், அவளும் சரி என்றிருந்தாள். எஞ்சின் வரியில் குத்தினான். பெயிண்டர் தன் பெயரை எழுதினார். மூன்றாவது வரிக்கு நேரே போன முத்திரை பாதியில் நின்றது. தம்பி அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இதுல குத்துற தகுதி எனக்கில்ல. நீ போடுக்கா."

தன்னிடம் முத்திரை ஏதும் இல்லையே என்று அவள் சங்கத்துக்காரரைப் பார்த்தாள். பெயர் இருக்கிறதல்லவா, அது போதும் என்று பேனாவை நீட்டினார் அவர்.

பதினாறு வருடம், எத்தனை ஆயிரம் முனைகள், ஒரு தாளில்கூட இல்லை. அவள் பேனாவை வாங்கி, தன் பெயரை முழுதாக, நிதானமாக, ஒரு எழுத்தும் இன்னொன்றோடு ஒட்டாமல் எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டு, இன்னொரு முறையும் படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கணவன் ஓரமாகப் போய் ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, பூந்தொட்டியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பெயிண்டரும் தம்பியும் வீட்டுக்கு வந்து கதவுகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். படுக்கையறைக் கதவின் உள்பக்கம் முழுக்கச் சாக்குக்கட்டிக் கோடுகள், ஆணி ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஓர் எண். ஒருநாள் வந்து ஓட்டையெல்லாம் அடைத்து, அழகாக வண்ணம் அடித்துத் தருகிறேன் என்றார் பெயிண்டர்.

"கை வச்சீங்கன்னா பாருங்க" என்றாள் அவள்.